பட்டம் பெறாத ஆசிரியரும் அயல்நாட்டு வகுப்பறையும்

நம் துறையில் பயின்று, குடும்பச் சூழலால் இறுதியாண்டில் மூன்று தாள்கள் நிலுவையோடு நின்றுவிட்ட மாணவர் ஒருவர் அண்மையில் நம்மைக் காண வந்தார். ஆங்கிலம் தடையின்றிப் பேச வல்லவர். "ஐயா, பட்டம் இல்லாமலே வெளிநாட்டில் இங்கிலீஷ் வாத்தியார் வேலை கிடைக்கும் என்கிறார்களே, உண்மைதானா?" என்று வினவினார். கையில் முகவர் ஒருவர் கொடுத்த துண்டறிக்கை. தமிழாசிரியராகிய நமக்கு இவ்வினா புதிது. விடை தேடப் புகுந்தபோது நாம் முதலில் சென்றடைந்தது ஒரு கவிஞரின் வாழ்க்கை வரலாறு.

முதல் உலகப் போரைப் பாடிய ஆங்கிலக் கவிஞர் வில்ஃபிரட் ஓவன் 1893-இல் பிறந்தவர். 1911-இல் இலண்டன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறினார். எனினும் உதவித்தொகை பெறத்தக்க உயர்நிலை வாய்க்கவில்லை. தந்தையார் இரயில்வே ஊழியர். பொருள் செலுத்திப் படிக்க வைக்க இயலாத குடும்பம். டன்ஸ்டன் என்னும் சிற்றூரில் பாதிரியார் ஒருவருக்கு உதவியாளராகச் சில காலம் இருந்தார். 1913-இல் ரெடிங் நகரக் கல்லூரியின் உதவித்தொகைத் தேர்விலும் தோல்வியே. அவ்வாண்டே பிரான்சின் போர்தோ நகருக்குச் சென்று, பெர்லிட்ஸ் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் பணியில் அமர்ந்தார். அப்போது வயது இருபது.

பட்டமற்ற இளைஞரை அப்பள்ளி ஏற்றது எங்ஙனம்? மாக்சிமிலியன் பெர்லிட்ஸ் 1878-இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் தொடங்கிய முறையில், கற்பிக்கப்படும் மொழி ஒன்றே வகுப்பில் ஒலிக்கும். மொழிபெயர்ப்புக்கு இடமில்லை, பொருளைக் காட்டிப் பெயரைச் சொல்லிப் பழக்குவர். ஆகவே அம்மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோரே வேண்டப்பட்டனர். ஓவனுக்குக் கதவு திறந்தது இதனாலேயே. ஆனால் அவ்வாறு எளிதில் கிடைக்கும் ஆசிரியருக்கு எளிய ஊதியமே கிடைக்கும் என்பதையும் நாம் மறக்கலாகாது. நெடுநேர உழைப்பு, குறைந்த கூலி, உடல்நலமும் குன்றிற்று. 1914-இல் பள்ளியை விட்டு, தம்மிடம் பயின்ற அம்மையார் ஒருவரின் குடும்பத்தோடு பிரனீஸ் மலைப்பகுதிக்குச் சென்று தனிப்பயிற்சி ஆசிரியரானார். அங்கு லோரான் தைலாட் என்னும் பிரெஞ்சுக் கவிஞரின் நட்பு வாய்த்தது. ஊதியத்தினும் பெரிய பேறு அதுவே என்பது நம் கருத்து. 1915-இல் தாயகம் திரும்பிப் படையில் சேர்ந்த அவர், 1918 நவம்பர் 4 அன்று களத்தில் மாண்டார்.

ஓவனுக்குப் பள்ளி இசைந்ததே போதுமானதாயிற்று. இன்றோ குடிவரவுச் சட்டமும் இசைதல் வேண்டும். தென்கொரியா மொழியாசிரியர் விசாவுக்கு இளங்கலைப் பட்டம் கேட்கிறது. ஆங்கிலம் கற்பிக்க, அமெரிக்கா, இங்கிலாந்து முதலான ஏழு நாடுகளின் குடிமக்களையே பொதுவாக ஏற்கிறது. சீனாவிலும் பட்டம் இன்றியமையாதது. பட்டமில்லாதாரை ஏற்கும் பள்ளிகள் கம்போடியா போன்ற நாடுகளில் உண்டு. ஆங்கும் பணி உரிமம் பெற்றாக வேண்டும். சுற்றுலா விசாவில் சென்று பாடம் நடத்துவோர் பிடிபட்டால் அபராதமும் நாடு கடத்தலும் நேரிடும்.

இனி, பயிற்சியைப் பற்றி ஒரு சொல். கேம்பிரிட்ஜ் வழங்கும் 'செல்ட்டா' சான்றிதழுக்குப் பட்டம் கட்டாயமன்று. பதினெட்டு வயதும், உயர்கல்விக்குச் செல்லத்தக்க பள்ளிப் படிப்பும், தேர்ந்த ஆங்கிலமும் வேண்டும். ஏறத்தாழ 120 மணி நேரப் பயிற்சி. அதில் ஆறு மணி நேரம் உண்மையான மாணாக்கர் முன் நின்று பாடம் நடத்த வேண்டும். பயிற்றுநர் பின்னால் அமர்ந்து குறிப்பெடுப்பார். முதல் வேலை தேடுவோர்க்கு அந்த ஆறு மணி நேரமே உண்மையான மூலதனம். பள்ளிகள் பல, பணியமர்த்துமுன் மாதிரிப் பாடம் ஒன்றை நடத்திக் காட்டச் சொல்கின்றன. எனினும் பட்டம் கோரும் நாட்டில் இச்சான்றிதழ் பட்டத்துக்கு ஈடாகாது. முகவர்கள் மழுப்பும் இடம் இதுதான்.

மாணவர் கொணர்ந்த துண்டறிக்கையை அவரோடு அமர்ந்து வாசித்தோம். நாட்டின் பெயர் இருந்தது. பள்ளியின் பெயர் இல்லை. செலுத்த வேண்டிய தொகை இருந்தது. பணி உரிமத்தை யார் பெற்றுத் தருவர் என்பது இல்லை. பள்ளியின் கடிதம் நேரில் கையில் வரும்வரை ஒரு ரூபாயும் தரலாகாது என்றோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. "அந்த மூணு பேப்பரை இப்ப எழுத முடியுமா ஐயா?" என்றார். தேர்வுக் கட்டணம் செலுத்தக் கடைசி நாள் எதுவென அறிய, அவரை அழைத்துக்கொண்டு கல்லூரி அலுவலகத்துக்கு நடந்தோம்.