‘ஒய்’ அழுத்தும் முன் ஒரு நிமிடம்

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் பைத்தான் கொண்டு வரைபடம் வரையும் பகுதி உள்ளது. அதற்கு மேட்பிளாட்லிப் என்ற தொகுப்பு தேவை. எங்கள் பள்ளி ஆய்வகத்தில் உபுண்டு இயங்கும் ஒரு கணினியில் மாணவி ஒருத்தி அந்த நிரலை இயக்கியபோது, மேட்பிளாட்லிப் என்று ஒரு மாட்யூல் இல்லை எனப் பிழைச்செய்தி வந்தது. பைத்தானே கெட்டுவிட்டது என்று நினைத்தேன். விண்டோஸ் பழக்கத்தில், அழித்துவிட்டு மறுபடி நிறுவினால் சரியாகிவிடும் என்று முடிவு செய்து, நீக்கும் கட்டளையைக் கொடுத்தேன். திரையில் நீண்ட பட்டியல் ஓடியது.

“மிஸ், ரிமூவ்டுன்னு போட்டு நிறைய பேரு வருது மிஸ்” என்றாள் அந்த மாணவி.

“அது அப்படித்தான் வரும்” என்று சொல்லிவிட்டு என்டர் விசையை அழுத்தினேன்.

அடுத்த முறை கணினியைத் தொடங்கியபோது கறுப்புத் திரையும், பயனர் பெயர் கேட்கும் ஒரு வரியும் மட்டுமே இருந்தன. பென் டிரைவிலிருந்து உபுண்டுவை இயக்கி, மாணவர்கள் சேமித்து வைத்திருந்த நிரல்களை நகலெடுத்து, பிறகு எல்லாவற்றையும் புதிதாக நிறுவ ஒரு சனிக்கிழமை முழுவதும் போயிற்று. நடக்கப்போவதைக் கணினி முன்கூட்டியே சொல்லியிருந்தது. மாணவி படித்தாள், நான் படிக்கவில்லை.

ஏன் இப்படி ஆனது?

பள்ளியில் ஒரே ஒரு தண்ணீர் மோட்டார் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குடிநீர்க் குழாய், கழிப்பறை, தோட்டம் மூன்றும் அதை நம்பியே இருக்கின்றன. மோட்டாரைக் கழற்றினால் மூன்றுக்கும் வேலை இல்லை. உபுண்டுவில் பைத்தான் அப்படிப்பட்டது. நாம் பாடம் நடத்த மட்டும் அது அங்கே இல்லை. திரைமுகப்பின் பல பகுதிகளும் அதைச் சார்ந்தே இயங்குகின்றன. இதைச் சார்புநிலை என்கிறோம். ஒரு தொகுப்பை நீக்கச் சொன்னால், அதைச் சார்ந்த அனைத்தையும் சேர்த்து நீக்குவதுதான் தொகுப்பு மேலாளரின் விதி.

உபுண்டு, டெபியன் என்ற இயங்குதளத்தின் வழிவந்தது. இரண்டிலும் தொகுப்புகளைக் கையாள்வது ‘ஆப்ட்’. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழியே வந்ததால், கீழே உள்ளவை அதற்கும் பொருந்தும்.

கட்டளைகளை இங்கே ஒலிக்கும் விதத்தில் எழுதியுள்ளேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளையே பயன்படுத்த வேண்டும். ஆப்ட் என்பது ஏ, பி, டி. சூடோ என்பது எஸ், யு, டி, ஓ. நிர்வாகி உரிமையோடு செய் என்று அதற்குப் பொருள். சூடோ கடவுச்சொல் கேட்கும். தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது. விசைப்பலகை பழுது என்று மாணவர்கள் எழுந்துவிடுவார்கள். முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

புதுப்பித்தல்: இரண்டு கட்டளைகள்

‘சூடோ ஆப்ட் அப்டேட்’ எந்த மென்பொருளையும் மாற்றாது. இணையக் களஞ்சியத்தில் என்னென்ன பதிப்புகள் உள்ளன என்ற பட்டியலை மட்டும் புதிதாக எடுத்து வரும். ‘சூடோ ஆப்ட் அப்கிரேட்’ அந்தப் பட்டியலைப் பார்த்து, நம்மிடம் உள்ளவற்றைப் புதிய பதிப்புக்கு மாற்றும். பட்டியல் பழையதாக இருந்தால் மாற்றமும் பழையதுதான். ஆகவே அப்டேட் முதலில், அப்கிரேட் பிறகு. அப்கிரேட் கட்டளை இருக்கும் தொகுப்பு எதையும் நீக்காது; ‘ஃபுல் அப்கிரேட்’ தேவைப்பட்டால் நீக்கும். ஆய்வகத்துக்கு முதலாவதே போதும்.

நிறுவுதல்

பெயர் சரியாகத் தெரியாவிட்டால் ‘ஆப்ட் சர்ச்’ தேடித் தரும். ‘ஆப்ட் ஷோ’ அது என்ன, எவ்வளவு இடம் பிடிக்கும் என்று காட்டும். இவ்விரண்டுக்கும் சூடோ வேண்டாம். அன்று எனக்குத் தேவைப்பட்டது ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3-மேட்பிளாட்லிப்’ என்ற ஒரே வரிதான். பாடநூலில் வரும் பிப் கட்டளை விண்டோஸில் வேலை செய்யும். உபுண்டு 23.04 முதல், இயங்குதளத்தின் பைத்தானுக்குள் பிப் நேரடியாக நிறுவுவது தடுக்கப்பட்டுள்ளது. எனவே லினக்ஸ் ஆய்வகத்தில் ஆப்ட் வழியே செல்வது நல்லது.

நீக்குதல்

‘ரிமூவ்’ தொகுப்பை நீக்கி, அதன் அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். ‘பர்ஜ்’ அமைப்புக் கோப்புகளையும் சேர்த்து நீக்கும். ‘ஆட்டோரிமூவ்’ முன்பு துணைக்கு வந்து, இப்போது யாருக்கும் தேவைப்படாத தொகுப்புகளை நீக்கும்.

நீக்கும் முன் ஒத்திகை பார்க்கலாம். ‘ஆப்ட் ரிமூவ்’ என்பதற்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடும் எஸ் எழுத்தும் சேர்த்து, பிறகு தொகுப்பின் பெயரைக் கொடுங்கள். சூடோ தேவையில்லை. என்னென்ன நீங்கும் என்று காட்டுவதோடு நின்றுவிடும்; உண்மையில் ஒன்றும் நீங்காது.

உண்மையான கட்டளையின் முடிவில் தொடரலாமா என்ற கேள்வியும், அருகே பெரிய ஒய், சிறிய என் ஆகிய எழுத்துகளும் வரும். பெரிய எழுத்தில் இருப்பதே இயல்பான விடை. அதாவது, வெறுமனே என்டர் அழுத்தினாலும் ‘சரி’ என்றே பொருள். நான் அழுத்தியது அதைத்தான்.

இடையில் மின்சாரம் போனால்

நிறுவும்போது மின்தடை வந்தால், அடுத்த முறை ஆப்ட் வேலை செய்ய மறுக்கலாம். ‘சூடோ டிபிகேஜி’ என்று தட்டி, இடைவெளி விட்டு இரண்டு சிறுகோடுகளோடு ‘கான்ஃபிகர்’, மறுபடி இடைவெளி விட்டு ஒரு சிறுகோட்டோடு ஏ என்று கொடுத்தால், பாதியில் நின்ற வேலை தொடரும். பூட்டு கிடைக்கவில்லை என்ற செய்தி வந்தால், பெரும்பாலும் பின்னணியில் வேறொரு புதுப்பித்தல் நடந்துகொண்டிருக்கும். பொறுத்திருங்கள், கணினியை அணைக்க வேண்டாம்.

வகுப்பில் செய்து பார்க்க

மாணவர்களை இருவர் இருவராக அமர்த்துங்கள். ஒருவர் ஒத்திகைக் கட்டளையைத் தட்டட்டும். மற்றவர் நீங்கவிருக்கும் தொகுப்புகளை வாய்விட்டுப் படிக்கட்டும். முதலில் மேட்பிளாட்லிப், அடுத்து பைத்தான்3. பட்டியல்களின் நீளம் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்று கேளுங்கள். சார்புநிலை என்ற கருத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

எங்கள் ஆய்வகத்தில் இப்போது ஒரு விதி உண்டு. பக்கத்தில் இருப்பவர் படித்து முடித்துத் தலையசைத்த பிறகே ஒய் அழுத்த வேண்டும். அந்த விதி எனக்கும் பொருந்தும். அன்று எச்சரித்த மாணவியிடம் மறுநாளே, “நீ சொன்னதுதான் சரி, நான் கேட்டிருக்கணும்” என்று வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். அதன் பிறகு, திரையில் புரியாதது எது வந்தாலும் பிள்ளைகள் தயங்காமல் கூப்பிடுகிறார்கள்.