அனைவருக்கும் மருத்துவம் – யார் கொண்டு வருவது?



காசு இல்லை, ஆஸ்பத்திரி தூரம் என்பதற்காக யாருக்கும் சிகிச்சை கிடைக்காமல் போகக்கூடாது. இதுதான் ‘அனைவருக்கும் மருத்துவம்’. இதற்கு அரசு மட்டும் போதுமா?

தர்மபுரி மாவட்டத்தில் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்லிங்கி என்ற ஊர் இருக்கிறது. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் பள்ளத்தாக்கு. (மலையாளி என்றதும் கேரளாக்காரங்கன்னு நினைக்காதீங்க!) 1993-ல் அங்கே பிறந்த 1000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள்ளேயே இறந்துபோயின. அந்த வருடம் டாக்டர் ரெஜி, டாக்டர் லலிதா தம்பதியர் ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கி, கூரைக் கொட்டகையில் வைத்தியம் பார்த்தார்கள். ஆனால் இரண்டு பேர் எத்தனை ஊருக்குத்தான் போவார்கள்? அதனால் அந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். பெரிய படிப்பு படித்தவர்கள் இல்லை. அவர்கள் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்த்தார்கள். 147 என்பது பிறகு 20 அளவுக்குக் குறைந்தது!

அரசுத் திட்டத்திலும் இப்படி உண்டு. 5.8.2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டு வருவது மகளிர் சுயஉதவிக்குழு அக்காக்கள்தான்.

எங்க ஆயாவுக்குச் சர்க்கரை. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போயிடுமேன்னு முன்பெல்லாம் மாத்திரையை விட்டுவிடும். புண் ஆறாமல் ஒரு கால்விரலையே எடுத்துவிட்டார்கள். இப்போது அக்கா வந்து மீதி மாத்திரையை எண்ணிப் பார்ப்பார். ஆயா ஒளித்து வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவார். பக்கத்துத் தெருக்காரர் ஆச்சே!

– 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி