நம்பிக்கைகளும் உண்மைகளும்: வார்டுப் பட்டியலில் தொடங்கும் தேர்தல்

உள்ளாட்சித் தேர்தல் நேர்மையாக நடப்பது அதிகாரிகளின் கையிலும் காவல்துறையின் கையிலும் மட்டுமே உள்ளது என்றும், வாக்குச்சாவடிக்குச் சென்று சீட்டில் முத்திரை குத்திவிட்டுத் திரும்புவதோடு குடிமக்களின் வேலை முடிந்துவிடுகிறது என்றும் பரவலாக நம்பப்படுகிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் சோழவரம் ஊராட்சி ஒன்றியம் போன்ற பகுதிகளில், அதாவது ஒருபுறம் ஏரியும் வயலும், மறுபுறம் கும்மிடிப்பூண்டி வரை நீளும் தொழிற்சாலைகளும் கிடங்குகளும், இடையே ஆண்டுதோறும் பெருகும் வாடகைக் குடியிருப்புகளும் கொண்ட ஊர்களில், இந்த நம்பிக்கையால் விளையும் கேடு அதிகம். ஏனெனில் சில நூறு வாக்குகளே கொண்ட ஒரு சிற்றூராட்சி வார்டில் இறந்துபோன பத்துப் பேரின் பெயர் பட்டியலில் நீடிப்பதும், குடியிருக்கும் பத்துப் பேரின் பெயர் விடுபடுவதும் வெற்றி தோல்வியையே மாற்றக் கூடியவை. அந்தப் பத்துப் பேர் யார் என்பது அலுவலகக் கோப்புக்குத் தெரிவதற்கு முன்பே அடுத்த வீட்டாருக்குத் தெரியும்.

இத்தேர்தலை நடத்துவது டெல்லியில் உள்ள இந்தியத் தேர்தல் ஆணையம் என்று எண்ணுவோர் பலர். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்கள் அதன் பொறுப்பு. உள்ளாட்சித் தேர்தலோ, 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சேர்த்த 243-கே பிரிவின்படி, தனியே அமைந்த மாநிலத் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு. இந்த வேறுபாடு அறியப்படாததால் புகார்கள் தவறான வாசலைத் தட்டி, உரிய நாள் கடந்த பிறகே உரிய இடத்தை அடைகின்றன. ஆயினும் இரண்டு ஆணையங்களையும் இணைக்கும் ஒரு கண்ணி உண்டு: தமிழ்நாட்டில் ஊராட்சி வார்டுகளுக்கான வாக்காளர் பட்டியல் சட்டமன்றத் தொகுதியின் பட்டியலை அடிப்படையாகக் கொண்டே தயாரிக்கப்படுகிறது. ஆகவே சட்டமன்றப் பட்டியலில் இல்லாத பெயர் வார்டுப் பட்டியலிலும் இராது. சட்டமன்றப் பட்டியலில் சரியாக இருக்கும் பெயரும், தெருக்களை வார்டு வாரியாகப் பிரிக்கும்போது, பக்கத்து வார்டுக்குத் தவறிப் போகலாம். ஊராட்சி அலுவலகத்திலும் ஒன்றிய அலுவலகத்திலும் வெளியிடப்படும் வார்டுப் பட்டியலைத் தேர்தலுக்கு முன்பே தெருத் தெருவாகச் சரிபார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

வாக்காளர் அடையாள அட்டை கையில் இருந்தால் வாக்களிக்கலாம் என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. அட்டை ஆளை அடையாளம் காட்டும் ஆவணம் மட்டுமே. வாக்குரிமையைத் தருவது பட்டியலில் உள்ள பெயர். இதையொட்டி, சொந்த வீடு உள்ளவர்தான் ஓர் ஊரில் பெயர் சேர்க்க முடியும் என்ற எண்ணமும் வாடகைக்குக் குடியிருக்கும் தொழிலாளர்களிடையே உண்டு. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கேட்பது வழக்கமான வசிப்பிடத்தை, அதாவது ஒருவர் உண்மையில் வாழ்ந்துவரும் இடத்தையே. ஓரிடத்தில் வீட்டுக்கு உரிமையாளராக இருப்பது மட்டுமே அங்கு வசிப்பதாக ஆகிவிடாது என்றும் அச்சட்டத்தின் 20-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. வாடகை வீட்டில் ஆண்டுக்கணக்காக வாழும் இந்தியக் குடிமகன் எந்த மாநிலத்தில் பிறந்தவராயினும், பழைய ஊரின் பதிவை நீக்கிக்கொண்டு இங்கே சேர்வதற்குத் தடையில்லை. இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் பெயர் வைத்திருப்பதைத்தான் சட்டம் தடுக்கிறது.

2025-ஆம் ஆண்டின் இறுதியில் தமிழ்நாட்டில் நடந்த வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம், பட்டியல் எவ்வளவு மாறக்கூடும் என்பதைக் காட்டியது. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. அவற்றில் 66 லட்சத்துக்கும் மேற்பட்டவை இடம்பெயர்ந்தோர் என்ற வகையிலும், ஏறத்தாழ 27 லட்சம் இறந்தோர் என்ற வகையிலும் வந்தவை. இத்தனை பெரிய மாற்றத்தில் நியாயமான நீக்கம் எது, தவறான நீக்கம் எது என்பதை ஒவ்வொரு தெருவிலும் பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் அங்கு வாழ்பவர்களே. பெயர் சேர்க்கப் படிவம் 6, ஒரு பதிவை எதிர்க்கவோ நீக்கக் கோரவோ படிவம் 7, திருத்தத்துக்கும் முகவரி மாற்றத்துக்கும் படிவம் 8 என்ற மூன்றும் ஆண்டு முழுவதும் திறந்திருப்பவை. படிவம் 7 கூர்மையான கருவி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பட்டியலில் உள்ள வாக்காளர் எவரும் அதைக் கொடுக்கலாம், ஆனால் பிடிக்காத குடும்பத்தின் பெயரை அடிப்பதற்காகப் பொய் உறுதிமொழி தந்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

அரசு விரும்பும்போது உள்ளாட்சித் தேர்தலை நடத்தலாம், விரும்பாவிட்டால் தள்ளலாம் என்று பலரும் சலிப்போடு ஏற்றுக்கொண்டிருப்பது சட்டத்துக்கு முற்றிலும் மாறானது. ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243-இ பிரிவு கட்டளையிடுகிறது. நடைமுறை வேறாக இருந்துவருகிறது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலுக்கான அறிவிப்பை, பழங்குடியினர் இடஒதுக்கீடு தொடர்பான வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் அம்மாதம் 4-ஆம் நாள் ரத்து செய்தது. அதன்பின் திருவள்ளூர் உள்ளிட்ட 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் வாக்குப்பதிவு நடந்தது 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில்தான். இடைப்பட்ட மூன்றாண்டுகள் ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள், அதாவது தேர்ந்தெடுக்கப்பட்டோருக்குப் பதிலாக அரசு அமர்த்தும் அதிகாரிகள், நிர்வகித்தார்கள். அந்த மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தபோது மீண்டும் தனி அலுவலர்களே வந்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத உள்ளாட்சிக்கு மத்திய நிதி ஆணையத்தின் மானியம் நிற்கக்கூடும் என்பதால், தாமதத்தின் விலையைக் குடிநீர்க் குழாயிலும் தெருவிளக்கிலும் மக்களே கொடுக்கிறார்கள்.

இந்த வரிசையில் மிக ஆபத்தானது ஊர் ஒற்றுமை பற்றிய நம்பிக்கை. போட்டியின்றித் தேர்ந்தெடுப்பதே சிறந்தது, பதவியை ஏலம் விட்டு அந்தப் பணத்தில் கோயிலைக் கட்டினால் ஊருக்கு நல்லதுதானே என்ற வாதம் ஒவ்வொரு தேர்தலிலும் எங்கேனும் எழுகிறது. 2019-ஆம் ஆண்டில் 27 மாவட்டங்களில் நிரப்பப்பட வேண்டியிருந்த 91,975 பதவிகளில் 18,000-க்கும் மேற்பட்டவை போட்டியின்றியே நிரம்பின. போட்டியின்றித் தேர்வாவதைச் சட்டம் தடுக்கவில்லை. பல சிறு வார்டுகளில் அது இயல்பாகவே நடக்கிறது. ஆனால் ஒருவர் பணம் கட்டியதற்காக மற்றவர்கள் வேட்புமனுவைத் திரும்பப் பெறும்போது அது தேர்தல் லஞ்சம், அப்பணம் எந்தக் கோயிலுக்குச் சென்றாலும். மகாராஷ்டிரத்தில் நாசிக் மாவட்டத்தின் உம்ராணே, நந்துர்பார் மாவட்டத்தின் கோண்டாமளி ஆகிய இரண்டு ஊராட்சிகளில் பதவி ஏலம் போனது தெரியவந்ததும், 2021 ஜனவரியில் அம்மாநிலத் தேர்தல் ஆணையம் அங்கே தேர்தலையே ரத்து செய்தது. தமிழ்நாட்டில் ஊர் ஒற்றுமை என்ற சொல்லின் மறைவில் நடந்தவை இதைவிடக் கொடியவை. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்டதை ஏற்காமல், 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தல் முடக்கப்பட்டது. 2006 அக்டோபரில்தான் அங்கே முறையாகத் தலைவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அவ்வாறே ஒதுக்கப்பட்டிருந்த, மதுரை மாவட்டத்தின் மேலவளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று ஐவருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். ஊர் கூடி எடுத்த முடிவு என்று சொல்லப்படும்போது, அந்த ஊரில் யார் யார் சேர்க்கப்பட்டிருந்தார்கள் என்று கேட்பது குடிமக்களின் கடமை.

ஊர் ஒற்றுமை வாதத்துக்குத் துணையாக உத்திரமேரூர்க் குடவோலையும் அடிக்கடி அழைக்கப்படுகிறது. முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் சொல்வது எல்லோரும் வாக்களித்த தேர்தலை அன்று. நிலமும் சொந்த வீடும் வேதக் கல்வியும் உடைய, 35 முதல் 70 வயது வரையிலானோரின் பெயர்களைக் குடத்தில் இட்டுச் சீட்டெடுத்த முறையை. அதில் இன்றும் கற்க வேண்டியது வேறொன்று. விவரமறியாத சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்து, ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி, எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படிக்க வேண்டும் என்று அக்கல்வெட்டு வகுத்தது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் அது விலக்கியது.

வாக்குக்குப் பணம் கொடுப்பவர்தான் குற்றவாளி, வாங்குபவர் அல்லர் என்பதைச் சுருக்கமாக மறுத்துவிடலாம்: பாரதிய நியாய சன்ஹிதாவின் 170-ஆவது பிரிவின்படி கொடுப்பதும் பெறுவதும் லஞ்சமே. நோட்டா, அதாவது எவருக்கும் வாக்கில்லை என்ற தெரிவு, அதிக வாக்கு பெற்றால் மறுதேர்தல் வரும் என்பதும் இங்கே தவறு. தமிழ்நாட்டின் உள்ளாட்சி வாக்குச்சீட்டில் நோட்டாவே இடம்பெறுவதில்லை.

ஆய்வுக்குரிய வாக்கு பற்றிய குழப்பம் கூடுதல் விளக்கத்தைக் கோருகிறது. 2018-இல் வெளியான 'சர்கார்' திரைப்படத்தால் 49-பி என்ற விதி எண் வீடுதோறும் பரவியது. ஒருவர் பெயரில் வேறொருவர் கள்ள ஓட்டுப் போட்டுவிட்டால், உண்மையான வாக்காளர் தம்மை நிரூபித்து வாக்குச்சீட்டு பெறலாம் என்பது சரியே; அந்த விதி சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலுக்குரியது என்றாலும், 1995-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் தேர்தல் விதிகளிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. ஆனால் ஆய்வுக்குரிய வாக்கு எனப்படும் அது பெட்டியில் விழுவதில்லை, வழக்கமான எண்ணிக்கையிலும் சேர்வதில்லை. தனி உறையில் இடப்பட்டு முத்திரையிடப்படுகிறது. கள்ள ஓட்டைத் தடுக்கும் வலிமையான ஏற்பாடு அது நிகழ்வதற்கு முன்னதாகவே இருக்கிறது: வாக்குச்சாவடி முகவர், பேச்சு வழக்கில் பூத் ஏஜென்ட், வந்தவர் அந்த ஆள் அல்லர் என்று அங்கேயே ஆட்சேபிக்கலாம். தெருவின் முகங்களை அறிந்த ஒருவர் அந்த இருக்கையில் நாள் முழுவதும் அமர்ந்திருப்பதற்கு ஈடான பாதுகாப்பு வேறில்லை.

அத்தகைய இருக்கை வேட்பாளர் அமர்த்துவோருக்கே கிடைக்கிறது என்பது இந்திய முறையின் குறை. இலங்கையில் 1987-இல் தோன்றிய பஃப்ரல், 1997-இல் தோன்றிய தேர்தல் வன்முறைக் கண்காணிப்பு நிலையம் போன்ற குடிமக்கள் அமைப்புகள் கண்காணிப்பாளர்களை நாடெங்கும் அனுப்புகின்றன. இங்கே தேர்தல் பார்வையாளர் என்பவர் ஆணையம் நியமிக்கும் அரசு அதிகாரி. ஆகவே கட்சி சாராத குடிமக்கள் உள்ளே செல்ல வேண்டுமானால், கட்சிச் சின்னமின்றி நடக்கும் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்களில் நம்பத்தக்க வேட்பாளர் ஒருவரின் முகவராக அமர்வதே வழி. வாக்கு எண்ணும் மேசையில், வெள்ளை அல்லது நீலம், இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பதவி வாரியாக நிறம் பிரித்த சீட்டுகள் கட்டுகளாக அடுக்கப்படும்போது, எந்தச் சீட்டு எதனால் செல்லாதது என்று கேட்டறியவும், முடிவு அறிவிக்கப்படுவதற்கு முன் எழுத்து மூலம் மறு எண்ணிக்கை கோரும்படி வேட்பாளரைத் தூண்டவும் விழிப்புள்ள முகவரால் முடியும்.

முடிவு அறிவித்தபின் எதுவும் செய்ய இயலாது, தோற்ற வேட்பாளர் மட்டுமே வழக்குத் தொடுக்கலாம் என்பது கடைசி நம்பிக்கை. 2006 அக்டோபரில் நடந்த சென்னை மாநகராட்சித் தேர்தலில் வன்முறையும் கள்ள ஓட்டும் பற்றிய புகார்கள் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2007-இன் தொடக்கத்தில் பல வார்டுகளில் மீண்டும் வாக்குப்பதிவு நடந்தது. ஊராட்சிகளைப் பொறுத்தவரை, 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 258-ஆவது பிரிவு, முடிவு வெளியான 45 நாள்களுக்குள் மாவட்ட நீதிபதியிடம் தேர்தல் மனு அளிக்கும் உரிமையை வேட்பாளருக்கு மட்டுமன்றி அந்த ஊராட்சியின் வாக்காளர் எவருக்கும் தருகிறது. முத்திரையிட்டு வைக்கப்பட்ட அந்த ஆய்வுக்குரிய வாக்குகளின் உறை பிரிக்கப்படுவதும், அப்படி ஒருவர் அந்த 45 நாள்களுக்குள் மனு அளித்து, நீதிபதி அதைக் கோரினால் மட்டுமே.