நிறமாலைக் கோட்டுருவியல்: ஓர் அறிமுகமும் என் ஆய்வுக் கனவும்

“கணக்குல இன்னும் கண்டுபிடிக்க என்னடா இருக்கு?”

முனைவர் பட்டம் வரை படிக்க விரும்புகிறேன் என்று சொன்னபோது அப்பா கேட்ட கேள்வி இது. லோரி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பவர் அவர். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால், அன்று எனக்குப் பதில் வரவில்லை. தமிழ்ப்பள்ளியில் தமிழிலும், இடைநிலைப்பள்ளியில் மலாயிலும், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திலும் கணிதம் பயின்ற நான், என் துறையை அப்பாவின் மொழியில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அந்தக் கடனைத் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை. வாசகர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டால் நல்லது.

கோட்டுரு என்றால் என்ன?

சில புள்ளிகள், அவற்றுள் சிலவற்றை இணைக்கும் கோடுகள். அவ்வளவுதான். புள்ளியை முனை என்றும் கோட்டை விளிம்பு என்றும் அழைக்கிறோம். எல்.ஆர்.டி. நிலையங்களும் அவற்றை இணைக்கும் தண்டவாளமும் ஒரு கோட்டுரு. நம் பேரவை உறுப்பினர்களும் அவர்களுக்கிடையிலான நட்பும் ஒரு கோட்டுரு. கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களையும் தலா ஒரே முறை கடந்து உலாவ முடியாது என்று 1736ஆம் ஆண்டில் ஆய்லர் எழுதியதே இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

ஐகன் மதிப்பு

ஒவ்வொரு முனையிலும் ஓர் எண்ணை எழுதுங்கள்; எல்லாமே பூஜ்யமாக இருக்கக்கூடாது. அடுத்து, ஒவ்வொரு முனைக்கும் அதன் அண்டை முனைகளில் இருக்கும் எண்களைக் கூட்டிப் புதிய எண்ணாகக் கொடுங்கள். எல்லா எண்களும் ஒரே மடங்காக மாறினால், அந்த மடங்கே அக்கோட்டுருவின் ஓர் ஐகன் மதிப்பு. ‘ஐகன்’ என்ற ஜெர்மன் சொல்லுக்குத் ‘தனக்கே உரிய’ என்று பொருள்.

நடுவில் ஒரு முனை, அதனோடு இணைந்த நான்கு முனைகள் என நட்சத்திர வடிவம் ஒன்றை வரையுங்கள். நடுவில் 2, மற்றவற்றில் 1 எழுதுங்கள். கூட்டிய பிறகு நடுவில் 4, மற்றவற்றில் 2. எல்லாம் இரு மடங்கு! ஆகவே, 2 ஓர் ஐகன் மதிப்பு. ஐந்து முனைகளுக்கு ஐந்து மதிப்புகள் உண்டு: 2, 0, 0, 0, -2. இத்தொகுதியே கோட்டுருவின் நிறமாலை.

நான் செய்த தவறு

இறுதியாண்டு ஆய்வின் முதல் சந்திப்பிலேயே, “நிறமாலை தெரிந்தால் கோட்டுருவை அப்படியே வரைந்துவிடலாம்” என்று விரிவுரையாளரிடம் உறுதியாகச் சொன்னேன். அவர் எதுவும் பேசாமல் ஒரு சதுரத்தையும் அதன் அருகே தனியாக ஒரு புள்ளியையும் வரைந்து, “கணக்கிட்டுப் பார்” என்றார். வந்த விடை 2, 0, 0, 0, -2. நட்சத்திரத்தின் அதே நிறமாலை! ஒன்று முழுதும் இணைந்தது. மற்றொன்று இரண்டாகப் பிரிந்தது. எண்கள் அதைக் காட்டிக் கொடுக்கவில்லை. வெட்கமாக இருந்தது, ஆனால், அன்றிரவு தூக்கம் வராததற்குக் காரணம் வெட்கம் அல்ல, ஆர்வம்.

நம் கோயில் திருவிழாவில் கண்ணை மூடிக்கொண்டு உறுமியின் ஓசையை மட்டும் கேட்டு, அதன் தோலின் வடிவத்தைச் சொல்ல முடியுமா? மார்க் காட்ஸ் 1966இல் மேளங்களைப் பற்றி இத்தகைய கேள்வியைத்தான் எழுப்பினார். முடியாது என்பதற்கு 1992இல் எடுத்துக்காட்டு கிடைத்தது. சதுரமும் நட்சத்திரமும் அதன் எளிய தம்பிகள்.

வேறு ஒரு கணக்கு

அண்டை எண்களைக் கூட்டுவதற்குப் பதிலாக, ஒரு முனையின் எண்ணுக்கும் ஒவ்வோர் அண்டை எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டினால் அது லாப்லாசியன் முறை. இதில் நட்சத்திரத்திற்கு 0, 1, 1, 1, 5. சதுரமும் புள்ளியும் சேர்ந்ததற்கு 0, 0, 2, 2, 4. எத்தனை பூஜ்யங்களோ அத்தனை தனித்தனித் துண்டுகள்! இரண்டாவது சிறிய மதிப்பு, இணைப்பு எவ்வளவு உறுதியானது என்பதை அளக்கும் என்று 1973இல் மிரோஸ்லாவ் ஃபீட்லர் காட்டினார்.

இதை அப்பாவிடம் வரைந்து காட்டினேன். நடுவில் டிப்போ, சுற்றி நான்கு கடைகள். “டிப்போவ மூடினா ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குப் போகவே முடியாது” என்றார் உடனே. நான்கு கடைகளையும் சுற்றிச் சாலை போட்டால் அந்த மதிப்பு 1லிருந்து 3க்கு உயர்கிறது என்றேன். “அதான் ரிங் ரோடு” என்று சிரித்தார். அப்பா முப்பது வருடமாக ஸ்டியரிங் பிடித்துக் கற்றதை ஃபீட்லர் எண்ணாக எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

இன்னும் என்ன இருக்கிறது?

கிளைகள் மட்டுமே கொண்டு, வளையமே இல்லாத கோட்டுருக்களை மரங்கள் என்பர். ஏறக்குறைய எல்லா மரங்களுக்கும் அதே நிறமாலை கொண்ட இன்னொரு மரம் உண்டு என்று ஆலன் ஷ்வெங்க் 1973இல் நிறுவினார். ஆனால், பொதுவான கோட்டுருக்களுள் பெரும்பாலானவற்றை நிறமாலையே அடையாளம் காட்டுமா? 2003இல் வான் டாமும் ஹேமர்ஸும் விரிவாக ஆராய்ந்த இக்கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை. அப்பாவின் கேள்விக்கு என் பதில் இதுதான்.

இத்துறைக்கு வர எண்ணும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். நேரியல் இயற்கணிதத்தை ஆழமாகப் படியுங்கள். நிறுவல் எழுதப் பழகுங்கள். கணினியிடம் விடுவதற்கு முன், ஐந்து முனைகள் வரை கையால் கணக்கிடுங்கள். என் தவறு அங்கேதான் பிடிபட்டது. ஆய்வு மேற்பார்வையாளரைத் தேடும்போது அவரது கட்டுரை ஒன்றையாவது படித்துவிட்டுச் செல்லுங்கள். உதவித்தொகையைப் பற்றித் தயங்காமல் முதலிலேயே கேளுங்கள். நம் குடும்பங்களுக்கு அது சிறிய விஷயமல்ல.

அப்பா இன்னும் முழுமனத்துடன் சம்மதிக்கவில்லை. உதவித்தொகை கிடைத்தால் போ என்கிறார். விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். அந்த டிப்போ படத்தை மட்டும் அவர் மடித்து லோரியில் வைத்திருக்கிறார்.