நாவில் மணலாகும் சர்க்கரை

தேக்காச் சந்தையில் பாகற்காய் வாங்கிக்கொண்டு, சிராங்கூன் சாலையை ஒட்டிய நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்து, நாவற்கொட்டைப் பொடியும் வெந்தயப் பொடியும் சிறுகுறிஞ்சான் பொடியும் ஒன்றாய்க் கலந்து தரும்படி கேட்கும் பெரியவர்களைச் சிங்கப்பூரில் காணாதார் இல்லை. 2010-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், இத்தீவின் வயதுவந்த இந்தியருள் நூற்றுக்குப் பதினெழுவருக்கு நீரிழிவு இருக்கக் கண்டார்கள் என்பதை எண்ணினால், அந்த ஆவல் ஆச்சரியமன்று. எனினும், மருந்தின்மேல் வைக்கும் விசுவாசம் வேறு. அதன் குணத்துக்கு வேண்டிய நிரூபணம் வேறு.

நம்பிக்கை: சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் சீனி மணலாகிறது, இரத்தத்துச் சர்க்கரையும் அவ்வாறே அழியும்.

உண்மை: இலையிலுள்ள ஜிம்னமிக் அமிலங்கள் நாவின் இனிப்பறியும் சக்தியைச் சற்று நேரம் மறைத்துவிடுவதால், சீனி வெறும் மணலாய் நெருடுகிறது, பிறகு இனிப்பு தானே மீண்டுவிடும். இது நாவின் சங்கதி. இரத்தத்தின் சங்கதியை இரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். சென்னை ஆராய்ச்சியாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், 22 நோயாளிகளுக்கு, வழக்கமான மாத்திரைகளோடு கூடவே, நாள்தோறும் 400 மில்லிகிராம் சிறுகுறிஞ்சான் சாரத்தை 18 முதல் 20 மாதங்கள் கொடுத்துப் பார்த்ததில், ஐவரால் மாத்திரையை நிறுத்த முடிந்தது. மேலும் ஆராயத் தூண்டும் செய்திதான். ஆனால் அந்த ஐவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் மற்றப் பதினெழுவரை மறந்துவிடுகிறார்கள்.

நம்பிக்கை: ஒரு மூலிகையே நன்மை செய்யுமானால், ஏழு சேர்ந்தால் ஏழு மடங்கு நன்மை.

உண்மை: சித்த மருத்துவத்தின் ஆவாரைக் குடிநீரில் ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டை என ஏழு சரக்குகள் சேர்கின்றன. இவற்றுள் கடலழிஞ்சில், மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைக்கும் குடல் நொதியைத் தடுக்கிறது. அகார்போஸ் என்னும் மாத்திரை செய்யும் காரியமும் அதுவே. கூட்டு மருந்து வாய்பாட்டுக் கணக்கன்று; ஒன்றன் வேகத்தை மற்றொன்று கூட்டலாம், குறைக்கலாம், ஏற்கெனவே உண்ணும் மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரையை அபாயமான அளவுக்குத் தாழ்த்தவும் செய்யலாம். ஆகையால், ஒவ்வொரு சரக்கும் அசல்தானா என்று தேர்ந்து, தயாரிப்புக்குத் தயாரிப்பு வீரியம் மாறாதபடி நிலைநிறுத்தி, விலங்குகளில் நச்சுத்தன்மை பார்த்து, பின்னர் மருந்து எது போலி எது என்று கொடுப்பவரும் உண்பவரும் அறியாவண்ணம் மனிதரிடம் சோதித்து, ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவு இறங்குகிறதா என்று கண்டாலன்றி, அக்கூட்டு நிரூபணம் பெற்றதாகாது.

நம்பிக்கை: பச்சிலைக்குத் தோஷமில்லை, கடையில் விற்பதால் அரசாங்கமும் சோதித்தே இருக்கும்.

உண்மை: சிங்கப்பூரில் இந்தியப் பாரம்பரிய மருந்துகள் விற்பனைக்கு வருமுன் அனுமதி பெற வேண்டியதில்லை. ஆர்செனிக் பத்து லட்சத்தில் 5 பங்கையும் பாதரசம் அரைப் பங்கையும் மிஞ்சலாகாது என்றும், இரசாயன மருந்து கலக்கலாகாது என்றும் சுகாதார அறிவியல் ஆணையம் விதித்திருக்கிறது. அதைக் காக்கும் பொறுப்பு விற்பவருடையது. நீரிழிவைத் தீர்க்கும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதற்கும் சட்டத்தில் இடமில்லை. 2008 ஜனவரி முதல் மே வரை, நீரிழிவே இல்லாத 150 பேர் கடுமையான சர்க்கரைத் தாழ்வோடு இங்குள்ள அரசாங்க மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். எழுவர் நினைவு மீளாமற் கிடந்தார்கள், நால்வர் மாண்டார்கள். காரணத்தைத் தேடியபோது, ஆண்மை விருத்திக்கென்று களவாக விற்ற தயாரிப்புகளில், மூலிகை என்ற பெயரிலேயே வந்த மூன்றிலும், கிளிபென்கிளமைட் என்னும் நீரிழிவு மருந்து மறைந்திருந்தது.

நம்பிக்கை: ஆங்கில வைத்தியம் மூலிகைக்குப் பகை.

உண்மை: இன்று கோடிக்கணக்கானோர் உண்ணும் மெட்ஃபார்மினின் பூர்வீகம், ஐரோப்பிய நாட்டு வைத்தியத்தில் வழங்கிய கலேகா என்னும் செடியில் இருக்கிறது. அச்செடியின் வேதிப்பொருளைப் பின்தொடர்ந்து, விஷத்தன்மையை விலக்கி, 1957-இல் ழான் ஸ்டெர்ன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் நோயாளிகளிடம் கண்ட பலனை வெளியிட்ட பின்னரே அது மருந்தாயிற்று. நம் ஆவாரையும் அந்தப் பரீட்சைக்கு உட்படுவதில் அவமானம் ஏதுமில்லை.

அதுவரை, மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாமல், அடுத்தமுறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது அந்தப் பொடிப் பொட்டலத்தையும் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.