தாய்மார் சொல்லத் தயங்கும் நோய்



நாள் தவறாமல் திருப்பலிக்கு வந்து முன்வரிசையில் முழந்தாளிட்டிருந்த ஒரு தாய், சில காலமாகப் பின்கதவு ஓரத்திலே நிற்கத் தொடங்கினார். பிறகு ஞாயிறுகளில் மட்டும் வந்தார். பிறகு அதுவுமில்லை. விசுவாசம் தளர்ந்துவிட்டதோ என்று நாம் எண்ணினோம். அப்படி எண்ணியது தவறு. இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகின்றது, பக்கத்தில் இருப்பவருக்கு மணம் தெரிந்துவிடுமோ என்ற பயம்: அதுவே காரணம். நான்கு பிள்ளைகளைப் பெற்ற அந்த அம்மா இதைக் கணவருக்குக்கூடச் சொல்லவில்லை. மூத்த மகள் வந்து சொல்லியே அறிந்தோம். பெயரும் ஊரும் தவிர்த்து எழுத அவரே இசைந்தார்.

குருவானவர் எழுதும் விடயமா இது என்று சிலர் முகம் சுளிக்கலாம். பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண்ணைப் பற்றி மாற்கு தமது நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். கைப்பொருளை எல்லாம் வைத்தியர்களிடம் செலவழித்தும் சுகம் காணாத அப்பெண், கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் வந்துதான் ஆண்டவரின் ஆடையைத் தொட்டார். நம் தாய்மாரும் பின்னால்தான் நிற்கிறார்கள்.

இந்நோய் எங்கிருந்து வருகின்றது? இடுப்பெலும்புகளின் அடியில், முன்னெலும்பிலிருந்து பின்னே வால் எலும்பு வரை, பிள்ளையைத் தாங்கும் ஏணைச் சீலையைப் போலத் தசைகள் விரிந்து கிடக்கின்றன. இதனை இடுப்புத்தளம் என்பர். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றும் இதன்மேல் தங்கியிருக்கின்றன. சிறுநீரையும் மலத்தையும் வேண்டிய நேரம் வரை அடக்கி வைப்பதும் இத்தசைகளின் வேலையே. கர்ப்பகாலத்தின் பாரத்தாலும், பிரசவத்தின்போது குழந்தை வெளிவருவதாலும் அந்த ஏணை இழுபட்டுத் தளர்கின்றது. சிலருக்குக் கிழிந்தும் போகின்றது. நீடித்த இருமல், மலச்சிக்கலில் முக்குதல், உடற்பருமன், ஓயாத பாரத் தூக்கு, மாதவிடாய் நின்றபின் வரும் உடல் மாற்றம் ஆகியவை அதனை மேலும் நலிவிக்கும். அப்போது சிரித்தாலும் கசியும். சிலருக்கு ஏதோ கீழே இறங்கி வருவது போன்ற பாரம் தோன்றும். மாலையில் கூடும், படுத்தால் குறையும். அது கருப்பை இறக்கமாகவோ, சிறுநீர்ப்பை அல்லது மலக்குடலின் இறக்கமாகவோ இருக்கலாம்.

“பிள்ளை பெற்றால் இப்படித்தான், பொறுத்துக்கொள்” என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் சொல்வதுண்டு. பலருக்கும் வருவது உண்மை. ஆனால் பலருக்கு வருவதாலேயே அது பொறுக்கவேண்டியது ஆகிவிடாது. பஸ் பயணத்துக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறவர்களும் உண்டு. இதனால் சிறுநீர் செறிந்து பையை உறுத்தும், மலச்சிக்கலும் கூடும். பயந்ததே நடக்கும்.

1948இல் அமெரிக்கப் பெண்நோயியல் வைத்தியர் ஆர்னல்ட் கெகல், இத்தசைகளையும் கைகால் தசைகளைப் போலப் பயிற்சியால் வலுப்படுத்தலாம் என்று எழுதினார். இன்றும் முதற் சிகிச்சை அதுவே. வாயுவை வெளிவிடாமல் அடக்குவதுபோல் பின்வாசலையும், சிறுநீரை அடக்குவதுபோல் முன்வாசலையும் உள்ளே மேல்நோக்கி இழுக்கவேண்டும். மூச்சை அடக்கக்கூடாது, வயிறும் தொடையும் இறுகக்கூடாது. முடிந்த அளவு எண்ணிப் பிடித்து, அதேயளவு தளர்த்தவேண்டும். தொடக்கத்தில் மூன்று எண்ணுவதே சிலருக்குப் பாடு. மெல்லப் பத்துவரை கூட்டலாம். ஒரு தடவைக்கு எட்டோ பத்தோ முறை, நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதங்கள். சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்திப் பழகுவது நல்லதல்ல. இருமல் வரும்போதும், வாளியைத் தூக்குமுன்னும் ஒருமுறை இறுக்கிக்கொள்ளும் பழக்கம் மிகவும் உதவும். செபமாலை சொல்லும் நேரத்திலும் செய்யலாமா என்று ஓர் அம்மா கேட்டார். அருகிலிருப்பவருக்குத் தெரியாத பயிற்சிதானே. தாராளமாகச் செய்யலாம் என்றோம்.

நாம் முதலிற் சொன்ன தாய்க்குக் கசிவு முற்றாக நிற்கவில்லை. ஆயினும் மடு ஆவணித் திருவிழாவுக்குப் பஸ்ஸில் போய்வந்தார்.

இறக்கம் உள்ளவர்களுக்கு உள்ளே வைத்துத் தாங்கும் வளையங்கள் உண்டு. பண்டைய கிரேக்க வைத்தியர்கள் பாதி மாதுளம்பழத்தை வைத்துத் தாங்கினார்களாம். இன்று மென்மையான சிலிக்கன் வளையம் வந்துவிட்டது. அது போதாதவிடத்துச் சத்திரசிகிச்சை உண்டு. எது வேண்டும் என்பதை வைத்தியரே பரிசோதித்துச் சொல்லவேண்டும். நேரே வைத்தியரிடம் போகக் கூச்சமென்றால், மிட்வைவ் என்று நாம் அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலிற் சொல்லுங்கள். பிரசவத்தின் பின் வீடு தேடி வருபவர் அவர். இது அவருக்குப் புதிய சங்கதியல்ல.

கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. பத்தியக் கறி காய்ச்சிக் கொடுப்பதோடு கடமை முடிந்ததென்று எண்ணவேண்டாம். பிரசவத்தின் பின் தண்ணீர் வாளியும் அரிசி மூடையும் காஸ் சிலிண்டரும் உங்கள் கைக்கு உரியவை. இந்நோய் உள்ள மனைவி தாம்பத்தியத்தில் ஒதுங்கக்கூடும். அதனை வெறுப்பென்று எண்ணிக் கோபிக்காமல், என்ன வருத்தம் என்று தனியே இருக்கும்போது கேளுங்கள்.

சிறுநீரில் இரத்தம், மாதவிடாய் நின்றபின் இரத்தம், காய்ச்சலோடு எரிவு, சிறுநீர் போகாமல் அடைத்தல் ஆகியவற்றைப் பயிற்சியால் சரிப்படுத்தப் பார்க்கவேண்டாம். தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். துணைக்கு மகளோ சகோதரியோ வரட்டும். பெண் வைத்தியர் வேண்டுமென்று கேட்கவும் தயங்கவேண்டாம்.