சராசரியை நம்பிக் கடை திறக்கலாமா?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கடையில் போடும் முதலை அளந்து போடும் நாம், அக்கடை அமையும் தெருவை அளந்து பார்க்கிறோமா? "சனம் நிறைந்த இடம், வியாபாரம் தானாக வரும்" என்று துணிந்து, ஒரு வருடத்துக்குள் கடன் கொப்பி மட்டும் மிஞ்சியவர்கள் நம்மிடையே பலர். நலிந்த நகர்ப்புறக் குடியிருப்பு ஒன்றின் பொருளாதார நிலையைக் கணக்கெடுப்புத் தரவுகள் மூலம் எவ்வாறு புரிந்துகொள்வது என்பதே இவ்வாரப் பாடம்.

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். உவர்மலை என்று நாம் அழைக்கும் இம்மேட்டிலோ, அதன் கீழே உட்துறைமுகப் பக்கமாகவோ ஒரு சகோதரர் சில்லறைக் கடை திறக்க எண்ணுகிறார் என வைத்துக்கொள்வோம். அவர் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

சராசரி எனும் மாயை

தொகைமதிப்பு மற்றும் புள்ளிவிபரத் திணைக்களம் நடத்தும் வீட்டு வருமான, செலவினக் கணக்கெடுப்பே இலங்கையில் இதற்கான பிரதான ஆதாரம். 2019 இல் நடந்த கணக்கெடுப்பின்படி ஓர் இலங்கைக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா. ஆனால் இடைநிலை வருமானம் 53,333 ரூபா மாத்திரமே. அதாவது, குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் சரி நடுவில் நிற்கும் குடும்பத்துக்குக் கிடைத்தது இவ்வளவுதான். மேல்தட்டு 20 வீதக் குடும்பங்களின் சராசரி 196,289 ரூபா. அடிமட்ட 20 வீதத்தினரின் சராசரி 17,572 ரூபா.

இதைக் கடைக் கணக்கில் பார்ப்போம். ஒரு தெருவில் பத்து வீடுகள். ஏழு வீடுகளின் வருமானம் தலா 40,000 ரூபா. மூன்று வீடுகளின் வருமானம் தலா 160,000 ரூபா. சராசரி 76,000 ரூபா. ஆனால் 76,000 ரூபா வருமானமுள்ள வீடு அத்தெருவில் ஒன்றுகூட இல்லை! சராசரியை நம்பிச் சரக்கு இறக்கியவர் இல்லாத வாடிக்கையாளருக்காகக் கடை திறந்தவராகிறார். ஆகவே எந்த அறிக்கையிலும் சராசரியைப் பார்த்தால் இடைநிலையையும் தேடுங்கள். இரண்டுக்குமிடையே இடைவெளி பெரிதானால், அவ்வூரில் இருவகைச் சந்தைகள் உள்ளன என்று பொருள்.

அளவுகோல் மாறினால்?

2016 இல் நாட்டின் வறுமை வீதம் 4.1, திருகோணமலை மாவட்டத்தில் 10.0. 2019 இல் நாட்டின் வறுமை வீதம் 14.3. மூன்றே வருடங்களில் வறியோர் மூன்று மடங்காகிவிட்டார்களா? இல்லை. வறுமைக் கோடு புதிய அடிப்படையில் திருத்தப்பட்டது, அளவுகோல்தான் மாறியது. முழத்தால் அளந்ததையும் யாரால் அளந்ததையும் ஒப்பிட்டு "துணி குறைந்துவிட்டது" என்று எந்த வியாபாரியும் சொல்லமாட்டார். புள்ளிவிபரத்திலும் அந்த நிதானம் வேண்டும்.

நமது பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. யுத்தம் காரணமாக 2002 கணக்கெடுப்பில் வடக்கு, கிழக்கு முழுவதும் விடுபட்டது. 2006/07 இல் வட மாகாணத்துடன் திருகோணமலை மாவட்டமும் விடுபட்டது. 2012/13 இல்தான் 25 மாவட்டங்களும் முழுமையாக அடங்கின. குடிசன மதிப்பிலும் 1981 க்குப் பின் 2012 இல்தான் இங்கு முழுமையான கணக்கு எடுக்கப்பட்டது. எனவே பழைய "தேசிய" எண்களில் நமது தெருக்கள் இல்லை என்பதை மறவாதீர்கள்.

மாவட்டம் வேறு, தெரு வேறு

2019 கணக்கெடுப்புக்கு நாடு முழுவதும் 25,000 வீடுகள் தெரிவுசெய்யப்பட்டன. ஒரு தொகுதிக்குப் பத்து வீடுகள் வீதம் 2,500 தொகுதிகள். மாவட்டத்தைப் பற்றிப் பேச இது போதும். ஓர்ஸ் ஹில்லின் ஒரு ஒழுங்கையைப் பற்றிப் பேச இது போதாது. அதற்குக் கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியான குடிசன மதிப்பு அட்டவணைகளும், பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் கிடைக்கும் விபரங்களும் உதவும். வீட்டுச் சுவர், கூரை, குடிநீர், சமையல் எரிபொருள், தொழில் என்பன அவற்றில் இருக்கும். வருமானத்தை மறைக்கலாம், கூரையை மறைக்க முடியாது. 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும திட்டத்தில்கூட வருமானத்தை மட்டும் கேட்காமல், கல்வி, சுகாதாரம், சொத்து, வீட்டு நிலை உள்ளிட்ட 22 சுட்டிகளைக் கொண்டே குடும்பங்கள் மதிப்பிடப்பட்டன.

தெருத் தெருவாக வறுமையை அளந்த முன்னோடி யார் தெரியுமா? ஒரு வர்த்தகர்தான். கப்பல் கம்பனி நடத்திய சார்ள்ஸ் பூத் 1886 இல் இலண்டன் மாநகரில் இவ்வேலையை ஆரம்பித்தார். ஒவ்வொரு தெருவுக்கும் நிலைக்கேற்ப நிறம் தீட்டி வரைபடம் வெளியிட்டார். இலண்டன் மக்களில் 30.7 வீதமானோர் வறுமையில் இருப்பதைக் கண்டார். அதற்கு முதன்மைக் காரணம் குடிப்பழக்கமல்ல. நிச்சயமற்ற வேலையும் குறைந்த கூலியுமே என்பதையும் காட்டினார்.

நாமே எடுக்கும் கணக்கு

கடை திறக்குமுன் ஒரு சிறு கணக்கெடுப்பை நாமே செய்யலாம். சில விதிகள்:

1. கடைக்கு வருவோரை மட்டும் கேட்காதீர்கள். வராதவர் ஏன் வரவில்லை என்பதே முக்கியம். வீடுகளை வரிசையாக எழுதி, ஐந்தாவது வீடு, பத்தாவது வீடு என்று தெரிவுசெய்யுங்கள்.

2. எண்ணிக்கை மிகக் குறையக்கூடாது. 100 வீடுகளில் 30 வீடுகள் கடனில் வாங்குவதாகச் சொன்னால், உண்மை அளவு 21 க்கும் 39 க்கும் இடையில் இருக்கலாம். 25 வீடுகளை மட்டும் கேட்டால் இந்த இடைவெளி இரு மடங்காகும்.

3. "மாத வருமானம் எவ்வளவு?" என்பதைவிட, "வீட்டில் உழைப்பவர் எத்தனை பேர்? சென்ற வாரம் எத்தனை நாள் வேலை கிடைத்தது? சீனியைக் கிலோவாக வாங்குகிறீர்களா, 250 கிராமாகவா? ஆறு மாதத்துக்குள் நகை அடகு வைத்தீர்களா?" என்று கேளுங்கள்.

4. காலத்தைக் கவனியுங்கள். வடகீழ் பருவக்காற்று மாதங்களில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும். மீனவர் கையில் காசு சுருங்கும். ஜூலையில் எடுத்த கணக்கு டிசம்பருக்குப் பொருந்தாது. நோன்பு மாதக் கொள்வனவை வைத்து வருடத்தைக் கணிப்பதும் தவறு. அரச கணக்கெடுப்பை 12 மாதங்களுக்கும் பரப்புவது இதற்காகவே.

5. பெயர் எழுத வேண்டாம். ஒரு வீட்டின் கஷ்டம் அடுத்த வீட்டுக்குத் தெரியவந்தால் அது அமானிதத்துக்குத் துரோகம். கணக்கெடுக்கப் போன இடத்தில் பழைய கடனையும் கேட்காதீர்கள். அடுத்த முறை கதவு திறக்காது.

நம் கடையையும் அளப்போம்

சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வூட்ரஃப் ஆகிய ஆய்வாளர்கள் 2005 முதல் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறுதொழில் செய்வோரைத் தொடர்ந்து கணக்கெடுத்தனர். சிறு வியாபாரிகள் தமது விற்பனைத் தொகையைச் சுமார் 30 வீதம் குறைத்தே சொல்கிறார்கள் என்பது அவர்களது மதிப்பீடு. சுனாமியில் பாதிக்கப்பட்டோரில், நன்கொடையாகக் கைமுதல் கிடைத்தவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு வருடம் முன்பே பழைய இலாப நிலைக்கு மீண்டனர். அதிலும் சில்லறை வியாபாரத்துக்கே கைமுதல் கூடுதலாக உதவியது. சரக்கு வாங்கக் காசு இருந்தால் கடை எழுந்து நிற்கும் என்பதே இதன் சாரம்.

அந்தக் கைமுதலைக் கரைப்பது எது? கடன் கொப்பிதான். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. 10,000 ரூபாச் சரக்கைக் கடனாகக் கொடுத்து, விலை பாதி கூடிய பின் அதே 10,000 ரூபாவை வசூலித்தால், மூன்றில் இரண்டு பங்குச் சரக்கையே மீண்டும் வாங்கலாம். வாங்கியவர் நேர்மையாகத் திருப்பித் தந்தும் கடைக்காரர் நட்டப்பட்டார்! மறுபக்கம், திணைக்களத்தின் 2023 ஆய்வில் 60.5 வீதக் குடும்பங்கள் வருமானம் குறைந்ததாகவும், 91 வீதத்தினர் செலவு கூடியதாகவும் கூறினர். கடன் கேட்டவர் ஏமாற்றுக்காரரல்ல. அவரும் அதே சுழலில் சிக்கியவரே.

ஆகவே கடனை அடியோடு நிறுத்துவதும், கேட்பவர்க்கெல்லாம் கொடுப்பதும் தீர்வல்ல. சம்பளக்காரருக்கு மாத முடிவு, நாட்கூலிக்காரருக்கு வார முடிவு, மீனவருக்குப் பருவத்துக்கேற்ற உச்ச எல்லை என்று பிரித்து வையுங்கள். சிறு பொதிகளைக் கூட்டுங்கள். ஆனால் 250 கிராமாக வாங்கும் ஏழையிடம் கிலோ விலையை விடப் பெரிதாகக் கூட்டி எடுக்காதீர்கள். அவர்தான் தினமும் வரும் வாடிக்கையாளர்.

இவ்வாரப் பயிற்சி: உங்கள் கடன் கொப்பியை எடுங்கள். நிலுவைகளைச் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசைப்படுத்துங்கள். சராசரியையும் நடுவிலுள்ள தொகையையும் தனித்தனியே எழுதுங்கள். 30 நாள் கடந்தவை எத்தனை என்று எண்ணுங்கள். உங்கள் தெருவைப் பற்றிய முதல் புள்ளிவிபர அறிக்கை ஏற்கனவே உங்கள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.